மண்ணெண்ணெயில் கழுவிய கை

சென்ற ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போனேன். என்ன படம் என்று கேட்காதீர்கள். முன்னால் ஓடிய செய்திச் சுருளோடு எழுந்து வந்துவிட்டேன். மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களும் ஹேண்ட்பால் ஆடிவிட்டார்களாம். வலை கட்டித் தட்டுகிற வாலிபால் அல்ல. பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம். களத்தில் இறங்கும் முன் ஒரு பெண் சின்ன டப்பாவில் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். பந்து வழுக்காமலிருக்கப் பிசின், எல்லோரும் தடவிக்கொள்வதுதான் என்று பின்னணிக் குரல் ஹிந்தியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

கொட்டகையில் பீடிப் புகைதான் மணந்திருக்க வேண்டும். எனக்கோ குர்ஜன் மரத்துப் பிசின் மணந்தது. கூடவே மண்ணெண்ணெய்.

செல்வத்தின் கையில் எப்போதும் அந்தப் பிசின்தான் மணக்கும். இராமநாதபுரத்திலிருந்து மர மில் வேலைக்காக இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவன். நாள் முழுக்க குர்ஜன் தடிகளைப் புரட்டுவான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் உள்ளங்கையில் அந்தப் பிசுபிசுப்பு போகாது. அவனோடு கைகுலுக்கிவிட்டு ஆபீஸ் ஃபைலைத் தொட்டால் ஃபைல் என்னோடு எழுந்து வரும்.

அவனை ஆட்டத்துக்கு இழுத்தவன் நான். மரைன் ஹில்லில் குடியிருந்த புது குமாஸ்தா. உலக விஷயமெல்லாம் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு அபிப்பிராயம். போருக்கு முன் அச்சான பழைய விளையாட்டுப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. பெர்லினில், முப்பத்தாறில், புல்தரையில் பக்கத்துக்குப் பதினொரு பேராக ஹேண்ட்பால் ஆடியதும், இறுதியாட்டத்தில் மழை கொட்டியதும் அதில் இருந்தன. மழையில் ஆட்டமா, நம் ஊருக்கென்றே செய்தது! அதோடு ஒலிம்பிக்கிலிருந்து விழுந்துபோன ஆட்டம் எழுபத்திரண்டில் மியூனிக்கில் திரும்ப வரப்போகிறது என்று பத்திரிகையில் ஒரு வரி பார்த்தேன். விடுவேனா? பத்துபஸ்திப் பக்கம் ஒரு மேட்டு மைதானத்தில் பதினொரு பேரைச் சேர்த்துவிட்டேன். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள். சண்டை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஹிந்தியில்.

செல்வம் பாதி மைதானத்திலிருந்து எறிவான். பந்து கையை விட மனமில்லாமல் கிளம்பும். கிளம்பிவிட்டால் கோலில்தான் நிற்கும். கோல் காக்கும் பிமல் வங்காளிப் பையன். "அரே மத்ராசி, மெதுவா போடு, எனக்கு இன்னும் ஷாதி ஆகல!" என்று கத்துவான்.

மெயின்லேண்டிலிருந்து விளையாட்டு அதிகாரி ஒருவர் வருகிறார், பயிற்சி முகாமுக்கு ஒருவனைக் கூட்டிப்போவார் என்று செய்தி வந்தபோது செல்வம் என்னிடம் சொன்னான்: "டேய் புஸ்தகம், இங்க கூலியா வந்து எறங்குனேன். அங்க ஆட்டக்காரனா போயி எறங்கணும்டா. அவ்ளோதான்."

அதிகாரி கப்பலிலிருந்து இறங்கி எங்கள் அணிவகுப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"பதினோரு பேரா? அது ஹிட்லர் காலத்து ஆட்டம் தம்பி. மியூனிக்ல ஏழே பேரு, கூரைக்கடியில ஆடி முடிச்சுட்டாங்க. பேப்பர் படிக்கிறதில்லையா?"

படித்திருப்போம் சார், பேப்பரும் உங்களோடு அதே கப்பலில்தான் வந்தது. மனசுக்குள் சொல்லிக்கொண்டதுதான். காலியாகக் கிடந்த கொப்பரைக் கிடங்கில் அவசரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஏழு பேர்தான், சின்ன இடம்தான். செல்வத்தின் முதல் எறி பிமலின் காதை உரசிக்கொண்டு உள்ளே போனது. அதிகாரியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். செல்வமும் பார்த்தான்.

"சார், இவன் ஹாத் பாருங்க! பூரா கோந்து!" என்றான் பிமல். விளையாட்டாகத்தான் சொன்னான், தினமும் சொல்கிற கேலிதான்.

அதிகாரி கையைத் தொட்டுப் பார்த்தார். "தப்புன்னு ரூல்ல படிச்ச ஞாபகமில்ல. ஆடுப்பா."

"வேணாம் சார்," என்றான் செல்வம். "பிசினாலதான் போனான்னு நாளைக்கி எவனும் பேசக் கூடாது." மூலையில் இருந்த அரிக்கேன் விளக்கின் மூடியைத் திருகி, மண்ணெண்ணெயைக் கையில் ஊற்றி, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தான். பிமல் ஓடிப்போய்த் தடுத்தான். "அரே, நான் சும்மா மஜாக்குக்குச் சொன்னேன்." கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பந்து அவன் கையில் நிற்கவே இல்லை. ஓங்குவான், பின்பக்கம் வழுக்கி விழும். வெறுங்கையால் பந்தைப் பிடித்துப் பழக்கமே இல்லை அவனுக்கு. அது அன்றுதான் எங்களுக்கும் தெரிந்தது. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு பிமலைத் தேர்ந்தெடுத்தார். பிமல் துறைமுகத்தில் கப்பலேறும்போது செல்வம்தான் அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான்.

பிறகு செல்வம் மில்லை விட்டான். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், புதுக் குடியிருப்புக்கு ரோடு போடப் போனான். அங்கே இரண்டாவது மழைக்காலத்தில் காட்டுக் காய்ச்சல். அடக்கம் முடிந்து, தரை காய்ந்த பிறகுதான் அந்தச் செய்தியையும் கப்பல் கொண்டுவந்து சேர்த்தது.

மேட்டு மைதானத்தில் இப்போது குவார்ட்டர்ஸ் கட்டிவிட்டார்கள். செல்வம் மில்லிலிருந்து கொண்டுவந்து நட்ட கோல் கம்பங்களில் ஒன்று மட்டும் நிற்கிறது. யாரோ துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார்கள். நேற்று போய் அதில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தேன். வெயிலில் வெளுத்த கட்டை. கையில் எதுவும் ஒட்டவில்லை.

கீழே துறைமுகத்தில் கேம்பல் பே கப்பல் சங்கு ஊதியது. பிசின் தப்பில்லையாம்டா, உலகமே தடவிக்கொண்டுதான் ஆடுகிறதாம் என்று சொல்லியனுப்ப, அந்தக் கப்பல் போகிற ஊரில் ஆள் இல்லை.