அடைபட்ட ஓட்டை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். மன்னிக்க வேண்டும்.

அடையாறு ஆற்றங்கரையில் எங்கள் வீடுகள். ஒரு வெட்டுக் கேஸில் என் தங்கை மகனைத் தேடிப் போலீஸ் வந்தது. வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனை முழங்காலில் சுட்டார்கள். குண்டு காலைத் துளைத்து டிரம்முக்குள் போனது. குண்டை எடுத்துக்கொண்டு, அவனையும் தூக்கிப் போனார்கள். ஆற்றோரப் புதரில் அரிவாளோடு பாய்ந்தான், அதனால்தான் சுட்டோம் என்று டிவியில் சொன்னார்கள். இப்போது அவன் சிறையில் இருக்கிறான்.

போன வாரம் அவனுக்காக வாதாடும் வக்கீலம்மா வந்தார். "வாசல்லதான் சுட்டாங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்றார். குண்டு துளைத்த டிரம்மைக் காட்டினேன்.

குனிந்து தடவிப் பார்த்தார். "ஓட்டை எங்க, அண்ணா?"

"நான்தாம்மா அடைச்சேன்," என்றாள் தங்கை. "மறுநாளே தண்ணி லாரி வந்துச்சி. அத்த வுட்டா அப்பறம் மூணு நாளு கயிச்சிதான் வரும். பழைய பிளாஸ்டிக் கொடத்த உருக்கி, சூடு கரண்டியால தேச்சிட்டேன்."

"சோக்கா அடைச்சிகீறா, ஒரு சொட்டு ஒயுவல," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

வக்கீலம்மா போட்டோ எடுத்தார். "இது எந்த ஓட்டைன்னு கோர்ட்ல கேப்பாங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை இன்றும் அதில்தான் தண்ணீர் பிடித்தாள். நிரம்பியதும் அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை.

ஆடி பன்னிரண்டு, திங்கட்கிழமை.