கையைத் தூக்கி நின்ற படம்

மலாயாவில் எமர்ஜென்சி காலத்தில், சுவா ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவைக் கூட்டித் துடைப்பேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்காட்டுக்குப் புறப்படும்போது, கேட்டில் ஒருத்தி எங்களைத் தடவிச் சோதிப்பாள். இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். ஆண்கள் பக்கத்து வரிசையிலிருந்து பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

துரைசானி எண்ணெய் வண்ணத்தில் படம் வரைகிறவர். காரில் போகும்போது கேட்டில் எங்களைப் பார்த்திருக்கிறார் போலும். ஒரு நாள் பங்களாக் கூடத்தில் புதுப்படம் மாட்டியிருந்தது. சேலை கட்டிய பெண், இரண்டு கையும் மேலே. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வானம். நெஞ்சு அலமாரிக் கதவு போலத் திறந்து, உள்ளே சோற்றுப்பானை கொதித்தது. இடது முழங்கைக்குக் கீழே தீச்சுட்ட தழும்பு. என் தழும்பு. சட்டென்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அன்று விருந்துக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரி படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அங்கே நின்ற ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பொம்பளைங்க அரிசிய எங்க ஒளிக்கிறாங்கன்னு படமே சொல்லுதாம். நீ என்ன சொல்றேன்னு கேக்குறாருலா.”

எல்லாரும் என் நெஞ்சைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாதுங்கய்யா.”

கிராணியும் சிரித்தார். அவரும் தமிழர், எங்கள் ஆள். அதில்தான் உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் துரைசானி என்னை உட்காரச் சொல்லி, கிராணியை வைத்துப் பேசினார்.

“ஒளிச்ச அரிசி இல்லையாம் அது. ஒங்க பசியாம். ஒங்களுக்காகக் கோவப்பட்டு வரைஞ்சாங்களாம்.”

துரைசானியின் கண் கலங்கியிருந்தது. நான் உட்காரவில்லை.

“கையை மட்டும் இறக்கிவிடச் சொல்லுங்கய்யா. கேட்டுல கொஞ்ச நேரம்தான் தூக்குறேன். இங்க பொழுதுக்கும் தூக்கிக்கிட்டே நிக்கிறேன்.”

கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அதை இங்கிலீஷில் சொன்னார்.

துரைசானி படத்தில் கையை இறக்கி வரைந்தார். காய்ந்த பிறகு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். புதுக் கைகள் தொங்கின. பழைய கைகள் வண்ணத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன. நான் சந்தோஷப்படுவேனென்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்குங்கம்மா,” என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கேட்டில் நின்றபோதுகூட அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

அன்று சாயங்காலமே, வேலைக்கு ஆள் பிரிக்கும் மண்டோரிடம், பங்களாவுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.