உள்சுற்று

ஆலயத்தில் திருவிருந்துக்கு முழங்கால் போட வரிசையில் போன என் மச்சான், பாதி வழியில் நின்று, எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பி நடந்தார். என் மனைவியின் அண்ணன். ராயபுரத்தில் படகுச் சாமான் கடை வைத்திருந்தவர். சபையில் கமிட்டி மெம்பர். முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் பின்வாங்கியதும் வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தேன். ஆத்தும விஷயங்களை வயிற்றுக் கோளாறாகப் புரிந்துகொள்வது என் இத்தனை வருட வேத வாசிப்பின் பலன்.

வெளியே முகம் வெளுத்து நின்றிருந்தார். "மாப்ள, வண்டிய எடும். காத்திவாக்கம் போணும்." ஆயர் அன்று மனந்திரும்புதலைப் பற்றிப் பேசியிருந்தார். வருடம் முழுக்க அதைத்தான் பேசுகிறார். நாங்களும் வருடம் முழுக்க ஆமென் சொல்லிவிட்டுப் பிரியாணிக்குப் போகிறவர்கள். அன்று மட்டும் அது மச்சானின் காதில் எப்படி விழுந்தது? காற்று காரணமாக இருக்கலாம். விடிந்ததிலிருந்தே வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார். துறைமுகத்தில் கழித்துப்போட்ட நைலான் கயிற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசி, சுருளின் உள்ளே வைத்து, வெளியே புதுக்கயிற்றைச் சுற்றி விற்றிருக்கிறார். கடையில் அதற்கு 'உள்சுற்று' என்று பெயரே இருந்தது. பாவத்துக்கு ஒரு சரக்குப் பெயர் கிடைத்துவிட்டால் அப்புறம் அது உறுத்துவதில்லை. அப்படி ஒரு சுருளை, நங்கூரத்துக்கு என்று சொல்லி, காத்திவாக்கத்து மீனவர் ஒருவர் போன வாரம் வாங்கிப் போயிருந்தார். இந்தக் காற்றில் படகின் எஞ்சின் நின்றால் அலை அதைக் கரையோரக் கற்குவியலில் மோதிவிடும். பிடித்து நிறுத்த நங்கூரக் கயிறு மட்டும்தான்.

"அடிப்பாங்க மச்சான்."

"அடிக்கட்டும்" என்றார். என் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்து, முன்னால் போன லாரியை முந்தச் சொல்லிக் காட்டினார்.

அந்த மீனவரின் மனைவி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாச்சி, வெள்ளையும் சொள்ளையுமா வந்துகீற? பொண்ணு கேக்கவா?"

"தாயி, நா குடுத்த கயிறு உள்ள பழசு. தெரிஞ்சேதான் வித்தேன். அத நம்பி நங்கூரம் போட வேண்டாம்னு அவர்ட்ட சொல்லு."

"கயிறு விக்கிறவன் கயிறு திரிக்கிறியா?" என்று சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. "எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போய்கீதே அண்ணாச்சி" என்றார், ரொம்ப மெதுவாக. போன் போட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆட்கள் கூடினார்கள். அதில் ஒருவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது கரையேறுற வரைக்கும் நீ இங்கதான் குந்தணும்." கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நான் ஸ்கூட்டரை ரோட்டைப் பார்க்கத் திருப்பி, சாவியை அதிலேயே விட்டு வைத்தேன். கிறிஸ்துவைப் பின்பற்றப் புறப்பட்டவர்களில் ஓடுவதற்கு வாகாக வண்டி நிறுத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடல் சேற்று நிறத்தில் கற்களின்மேல் ஏறி ஏறி விழுந்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மச்சான் ஆலயத்துக்குப் போட்ட பாலிஷ் ஷூவோடு மணலில் முழங்காலில் இருந்தார்; உதடு மட்டும் அசைந்தது. நானும் ஜெபித்தேன். படகுக்காகவா எங்கள் மண்டைகளுக்காகவா என்று கர்த்தர்தான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மதியம் கடந்து அந்தப் படகு வந்தது. மனைவி அழுதுகொண்டே சொன்னதைக் கேட்ட மீனவர் நேராக வந்து மச்சானை ஓர் அறை விட்டார். கண்ணாடி மணலில் விழுந்தது. அடுத்த அறைக்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது வரவில்லை, ஒரு கேள்வி வந்தது.

"இந்தக் கலீஜ் கயித்த வேற யாருக்கெல்லாம் குட்த்துகீற?"

மச்சான் அதை யோசித்திருக்கவில்லை. "நெனவில்ல தம்பி."

"நெனவில்லன்னா? வா. அல்லாரையும் கேப்போம்."

மணிக்கட்டைப் பிடித்துப் படகு படகாக இழுத்துக்கொண்டு போனார். அறை வாங்கியதோடு மனந்திரும்புதல் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சாவியைத் தொட்டவன் நான். அது அப்போதுதான் தொடங்கியிருந்தது. அடுத்த மாதங்களில் மச்சான் குப்பம் குப்பமாக நடந்தார். எல்லா இடத்திலும் அதே வாக்கியத்தைச் சொன்னார். எல்லா இடத்திலும் சொல்வதற்கு முன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பழைய சுருள்களை வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தார். அந்தக் கயிற்றை வாங்கியவர்களில் ஒரே ஒரு ஆள் மட்டும் அகப்படவில்லை. காதில் கடுக்கன் போட்டவர், வடக்கே எங்கோ என்று சொன்னவர். அதற்குமேல் மச்சானுக்கு ஞாபகமில்லை.

இப்போது மச்சானால் அதிகம் நடக்க முடியாது. கடையை மகன் பார்க்கிறான். காற்று ஏறினால் எனக்குப் போன் வரும். "மாப்ள, எல்லாரும் கரையேறிட்டாங்களான்னு கேளும்." அன்று அறைந்தாரே, அந்த மீனவருக்கு நான் போன் போடுவேன். "அல்லாரும் வந்துட்டாங்கோ மாமு. அண்ணாச்சிய துன்னுட்டு படுக்கச் சொல்லு."

அதை அப்படியே சொல்வேன். மச்சான் உடனே கேட்பார்.

"அந்தக் கடுக்கன்காரரு?"

சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். இதுவரை ஒன்றும் வந்ததில்லை.