ஆணியடித்த சன்னல்

பிரெஞ்சுக்காரர்கள் போன வருடத்து மார்கழி. பிள்ளை பெற்றிருந்த மகளுக்குக் குளிர் ஏறக்கூடாதென்று அறையில் கரியடுப்பை மூட்டி, கதவைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனேன். தெருப்பக்கச் சன்னலை முன்பே ஆணியடித்து அடைத்திருந்தேன்.

திரும்பி வந்தால், மூச்சுமுட்டி மயங்கிய மகள் முற்றத்தில் கிடக்கிறாள். பிள்ளைச்சாவடிக் குப்பத்திலிருந்து தினமும் எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரி முறத்தால் விசிறுகிறாள். அவள் மடியில் குழந்தை.

“கூப்ட்டுப் பார்த்தேன், சத்தமே இல்ல. உள்ள பூந்துட்டேன், கோச்சிக்காதம்மா.”

இருவரும் பிழைத்தார்கள். குளிருக்காக அடைத்த சன்னல் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், மீன்காரியின் கூடை வாடை வரக்கூடாதென்று கோடையிலேயே அடைத்தது.

மறுநாள், “உள்ள வாம்மா” என்றேன்.

“வேணாம்மா, மீன் வாட அடிக்கும்” என்று வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அந்தச் சன்னலின் காரணம் எப்போதோ தெரிந்திருக்கிறது.