முற்றத்துக் கேமரா

நம்புகிறவர்கள் நம்பட்டும். கீழக்கரையில் 2008-ல் குல்சும் என்ற பெண்ணுக்கு நடந்தது இது. அவள் வாயாலேயே சொன்னது.

அவள் புருஷன் பாக்கருக்குச் சார்ஜாவில் வேலை. வீட்டில் தன்னைப் பெற்ற வயதான வாப்பாவும் பெண்டாட்டியும் மட்டும்தானே என்று நாலு கேமரா வைக்கச் சொன்னான். ராமநாதபுரத்திலிருந்து முனியசாமி என்ற கேமராக்காரன் வந்து மாட்டினான். கூடத்து டிவியில் நாலு கட்டமாகப் படம் ஓடும். பாக்கரும் அங்கிருந்தபடியே இன்டர்நெட்டில் வீட்டைப் பார்த்துக்கொள்வான்.

ஒரு நாள் மதியம், லுஹர் தொழுகை நேரம். மாமனார் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். குல்சும் தனியாக இருந்தாள். போன் அடித்தது.

"குல்சும்... நம்ம முத்தத்துல என்ன கூட்டம்?"

"கூட்டமா? யாருமே இல்லையே மச்சான்."

"மய்யித்துப் பெட்டி இருக்கு. வெள்ளைத் துணி போத்தியிருக்கு. வாப்பா தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாங்க."

அவள் டிவியைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் முற்றம். கொடியில் காயும் துணி. ஒரு கோழி.

"வாப்பா பள்ளியில இருக்காங்க. நீங்க என்னத்தைப் பாக்குறீங்க?"



"எல்லாரும் இருக்காங்க. உன்னைய மட்டும் காணோம்."

"மச்சான்..."

"நீ... உசுரோடதான் பேசுறியா?"

அவள் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அங்கனயே இரு. நான் வாரேன்."

லைன் அறுந்தது.

அன்றைக்கே லீவு கேட்டு, கிடைத்த விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறான். ஏர்போர்ட் போகிற வழியில் லாரி மோதிவிட்டது.

பெட்டிதான் ஊர் வந்தது.

வழக்கப்படி குல்சுமை உள்ளறையில் உட்கார்த்தியிருந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கு வழியே கூடத்து டிவி தெரிந்தது.

முற்றம் நிறையத் தொப்பிகள். நடுவில் பெட்டி. வெள்ளைத் துணி. தூணைப் பிடித்தபடி மாமனார்...

எல்லாரும் இருந்தார்கள்.

அவள் மட்டும் இல்லை.

புருஷனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் முடிந்தபின், கேமராக்களைக் கழற்ற முனியசாமி வந்தான். குல்சும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"அவுக போன் பண்ணுன அன்னைக்கு முத்தத்துக் கேமரா சார்ஜாவுல என்ன காட்டுச்சுன்னு பாத்துச் சொல்ல முடியுமா தம்பி?"

அவன் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான்.

"முத்தமா? அதை இன்டர்நெட்ல குடுக்கவே இல்லையே அக்கா. பொம்பளைக நடமாடுற இடம், வெளிய போகக் கூடாதுன்னு ஒங்க மாமனார் மொத நாளே சொல்லிட்டாக. அண்ணனுக்கு மத்த மூணும்தான் தெரியும். இந்தப் படம் இந்த டிவியைத் தாண்டி எங்கயும் போனதில்ல."