சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ்

என் சித்திக்குக் கம்பெனியில் வைத்திருந்த பெயர் ‘மோப்பம்’. அது அவளுக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. சித்தி தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுப்பாள். அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் அவள்தான் அலுவலக மேலாளர்.

கொஞ்ச காலமாக ஒன்று சரியில்லை. முதலாளி எந்த வாடிக்கையாளருக்கு மெயிலில் விலை அனுப்பினாலும், போட்டிக் கம்பெனி அதைவிடச் சற்றே குறைத்துச் சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனது. விலைகளைத் தட்டச்சு செய்பவன், கம்பெனியில் ‘நெட்டை’ என்று கூப்பிடப்படும் ஊழியன். எல்லார் கண்ணும் அவன்மேல் விழுந்தது. முதலில் விழுந்தது சித்தியின் கண். அவன் போனில் சிரித்தால் இவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஸ்டோர் சாவியை அவனிடமிருந்து வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமையோட அவனை அனுப்பிடலாம்மா” என்றார் முதலாளி.

நெட்டையின் மனைவிக்கு அது நிறைமாதம்.

இதற்கிடையில், புதிதாகப் பாதுகாப்பு மென்பொருள் விற்க ஒருவர் வந்தார். பளபளவென்று ஷூ, அதைவிடப் பளபளப்பான பேச்சு. கம்ப்யூட்டருக்குள் யாரும் திருட்டுத்தனமாக நுழையாமல் தடுக்கும் வசதிகளை அடுக்கினார்.

“நாங்க இப்ப வச்சிருக்கறதுல இதெல்லாம் இல்லையா?” என்று சித்தி கேட்டாள்.

“அது சும்மா மெயிலுக்கும் டைப் பண்றதுக்கும்தான் மேடம்.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சித்திக்கு அது பிடிக்கவில்லை.

“நம்ம மெயில் சாஃப்ட்வேர் லைசென்ஸ் எங்கண்ணே?” என்று முதலாளியைக் கேட்டாள்.

முதலாளி சுவரைக் காட்டினார். தொழிற்சாலை லைசென்ஸ், தீயணைப்பு லைசென்ஸ், அதற்குப் பக்கத்தில் மென்பொருள் லைசென்ஸ். மூன்றுக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிச் சட்டம். சோதனைக்கு யாராவது வந்தால் காட்டுவதற்காக. அந்தக் கம்பெனியில் லைசென்ஸ் என்றால் மாட்டி வைப்பது. பயன்படுத்துவது என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

சித்தி நாற்காலிமேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். தூசியைத் துடைத்து, அடியில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டு, லைசென்ஸ் எண்ணைச் சொன்னாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள்.

“நீங்க வாங்கியிருக்கறதுலயே எல்லாம் இருக்கே மேடம். போனுக்கு நம்பர் வந்து அதைப் போட்டாத்தான் உள்ள விடும். யார் எங்கிருந்து நுழைஞ்சாங்கன்னும் பார்க்கலாம். ஆனா நீங்க எதையுமே ஆன் பண்ணலையே?”

விற்பனையாளர் பையை மூடிக்கொண்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல, சித்தி ஒவ்வொன்றாகத் திறந்தாள். நெட்டையின் கணக்கைத்தான் முதலில் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. மறுபடியும் பார்த்தாள். பிறகு முதலாளியின் கணக்கு. யாரோ அவர் பாஸ்வேர்டை வைத்து, அவர் போயே இராத ஊரிலிருந்து நுழைந்திருந்தார்கள். அவருடைய ஒவ்வொரு மெயிலும் தெரியாத முகவரி ஒன்றுக்கு நகலாகப் போகும்படி செய்திருந்தார்கள்.

“எங்கயாவது பாஸ்வேர்டை அடிச்சீங்களாண்ணே?”

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். “உங்க மெயில் பெட்டி நிறைஞ்சு போச்சு, பாஸ்வேர்ட் போடுங்கன்னு ஒரு மெயில் வந்துச்சும்மா. போட்டேன்.”

“பெட்டி விக்கறவர்கிட்டயே பெட்டி நிறைஞ்சுடுச்சுன்னு சொல்லியிருக்கான்” என்றாள் சித்தி. அவர் சிரிக்கவில்லை.

நகல் போகும் வழியை அடைத்து, பாஸ்வேர்டை மாற்றி, நம்பர் கேட்பதை எல்லாருக்கும் ஆன் செய்துவிட்டுத்தான் சித்தி எழுந்தாள். நேரே நெட்டையின் மேசைக்குப் போய், கைப்பையிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்து வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

“இப்பவாவது நம்பறீங்களாக்கா?”

சித்தி சாவியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“உன்னைத் தப்பா நெனைச்சுட்டேன்டா. நம்பறேன்.” நாலடி நடந்தவள் திரும்பினாள். “ஆமா, உன் பாஸ்வேர்ட் பொண்டாட்டி பேரு இல்லதானே?”

நெட்டை சாவியை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அவசரமாக எதையோ மாற்ற ஆரம்பித்தான்.