பதினான்காவது துளை

உறைந்த ஏரியின் மேல் மண்டியிட்டு, துளைக்குள் கொக்கிக் குச்சியை இறக்கினாள் குன்வோர். கொக்கி பனிக்கட்டியின் அடிவிளிம்பைப் பற்றியதும் கட்டைவிரலை வைத்து அளவு பார்த்தாள். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். துளையில் தண்ணீர் ஏறி, மேல்விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. அதையும் பார்த்த பிறகே எழுந்து, ஓர் ஊசியிலைக் கிளையை வழிக்கு அடையாளமாக நட்டாள். இது பன்னிரண்டாவது. இன்னும் இரண்டு போட்டால் மேற்குக்கரை.

ஸ்க்ரேடால் ஊராட்சியை அந்த ஏரி நெடுக்காகப் பிளக்கிறது. கிழக்கே தேவாலயம், அலுவலகம், கடை, பள்ளிக்கூடம். மேற்கே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பதினொரு பண்ணைகள். சுற்றிப்போகும் சாலை தொண்ணூறு கிலோமீட்டர். பனிச்சரிவு விழுந்து மூன்று நாளாக மூடிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் ஏரிதான் தெரு. அது தாங்குமா என்று சொல்வது குன்வோரின் வேலை. மீதி நேரத்தில் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள்.

வயது அறுபத்தொன்று. கழுத்தில் எப்போதும் ஒரு கயிறு. அதன் இரு முனைகளிலும் கூரான ஆணி பதித்த மரப்பிடிகள். பனி உடைந்து உள்ளே விழுந்தால் விளிம்பில் குத்தித் தொற்றி ஏறுவதற்கு. குளிக்கும்போது மட்டும் குழாயில் மாட்டிவைப்பாள். பனிக்கட்டி இறுகி முழங்கும் இரவுகளில் நன்றாகத் தூங்குவாள். சத்தமில்லாவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

கடைக்குள் நுழையும்போதும் குதிகாலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அடுத்த அடி.

"அது பலகைடி குன்வோர். கீழ உருளைக்கிழங்கு மூட்டைதான் கெடக்கு" என்பாள் கடைக்காரி பெரித்.

"மூட்டை நனையாம இருக்கான்னு பாத்தியா?"

தேவாலயச் சுவரில் ஏரி கொண்டுபோனவர்களின் பெயர்கள் உண்டு. பதினேழு. கடைசி மூன்றும் 1951ஆம் வருடத்தவை. தெற்குமுனையில் அணை கட்டிய முதல் குளிர்காலம். அப்போது அளந்தவர் குன்வோரின் அப்பா. "ஐம்பது" என்றார். தடிமன் சரிதான். ஆனால் மின்சாரத்துக்காக அடியிலிருந்து தண்ணீரை இழுத்துவிட்டிருந்தார்கள். கரையோரத்தில் பனிக்கட்டி, கீழே எதுவுமில்லாமல் கூரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. பால்வண்டி குதிரையோடும் மூன்று பேரோடும் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு அவர் எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது வயதைக் கேட்டால்கூட மகளைக் கைகாட்டுவார்.

பதின்மூன்றாவது துளையிலும் தண்ணீர் ஏறியது.

மேற்குக்கரையின் பெரியவர் சிக்பியோர்ன் இறந்து ஒன்பது நாளாகிறது. கிழக்கே, உறைந்து இறுகிக் கிடந்த மண்ணை இரண்டு நாள் சூடேற்றிக் குழி வெட்டிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குத் தேவாலய மணி அடிக்கும். மேற்கே சறுக்குவண்டியில் பெட்டி தயார். பின்னால் ஒன்பது கார்கள், எல்லாம் இன்ஜின் ஓடியபடி. குன்வோரோடு ஒரே வகுப்பில் படித்தவன் சிக்பியோர்னின் மகன் ஹல்வார். பொறுக்கமுடியாமல், கறுப்புக் கோட்டோடு கரையிலிருந்து அவளிடமே நடந்துவந்துவிட்டான். கரைக்கு முப்பது அடி இருக்கும். அங்கேதான் பதினான்காவது துளை.

"எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு."

"லாரியே போகுமே! கிளைய நடு. வண்டிய எடுக்கச் சொல்றேன்."

அவள் எழவில்லை. துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஏறல."

"ஏறும். இப்பத்தானே போட்ட?"

"மத்ததுல எல்லாம் உடனே ஏறிச்சு."

"நீ சாப்பாட்டுத் தட்டையே தட்டிப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவ" என்றான் ஹல்வார். "ஒம்பது நாளா அப்பா கொட்டகையில கெடக்காரு. எங்கக்கா அழுது அழுது முகம் வீங்கிப்போய் வண்டியில உட்கார்ந்திருக்கா. குழியும் மறுபடி இறுகிரும். நாப்பத்தெட்டுன்னு உன் வாயாலதானே சொன்ன? உங்கப்பாவா இருந்தா நம்பரச் சொல்லிட்டு வழிவிட்டிருப்பாரு."

சொன்னவன் உடனே வேறுபக்கம் பார்த்தான்.

குன்வோர் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றி, காப்பியைத் துளைக்குள் ஊற்றினாள். ஆவி மட்டும் மேலே வந்தது. இருவரும் கேட்டார்கள். எங்கோ கீழே, வெறும் கல்லின்மேல் சிதறும் சத்தம்.

ஹல்வாரின் வாய் திறந்தது. கால்களைப் பார்த்துக்கொண்டான்.

"அசையாத" என்றாள் குன்வோர். நடவேண்டிய கிளையை வழிக்குக் குறுக்கே மெதுவாகக் கிடத்தினாள். கரையில் அதைப் பார்த்துவிட்டார்கள். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இன்னிக்கு இல்ல ஹல்வார்."

அவன் தலையாட்டினான். அவள் மண்டியிட்டபடியே கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள்.

"குனி."

அவன் குனிந்தான். ஆணிப்பிடிகளை அவன் கழுத்தில் மாட்டி, கோட்டுக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

"வந்த தடத்துலயே திரும்பிப் போ. எட்டி வைக்காத."

"நீ?"

"நீ மொதல்ல கரையேறு."

அவன் நடந்தான். அவள் எடை பரவட்டுமென்று கைகால்களை அகட்டி, துளையின் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். பிறகு ஒரு கையை மட்டும் இழுத்து, வெறுமையான கழுத்தில் வைத்துக்கொண்டாள். அவனுடைய பூட்ஸ் கரைக்கல்லைத் தொடும்வரை எடுக்கவில்லை.